கண்டியிலிருந்து மூதூர் வரை: மகாவலியின் வழியே ஒரு ஒக்டோபர் வான் பயணம்

கண்டியில் இருப்பவர்களுக்குக் கடல் என்றால் பெரும்பாலும் இரண்டு திசைகள்தான் நினைவுக்கு வரும். ஒன்று கொழும்பு வழியாக நீர்கொழும்பு, காலிப் பக்கம். மற்றது தம்புள்ளை, ஹபரணை வழியாகத் திருகோணமலை. மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. தென்னக்கும்புரவில் மகாவலியைக் கடந்து, திகன, தெல்தெனிய, உடுதும்பர வழியாக மஹியங்கனைக்கு இறங்கி, அங்கிருந்து பதியத்தலாவ, மஹஓயா, செங்கலடி என்று கிழக்குக் கரையைத் தொட்டு, கரையோரமாகவே வாகரை, வெருகல், மூதூர் வரை போவது. மொத்தம் 300 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு.

கடந்த ஆண்டு ஒக்டோபரில், தீபாவளிக்கு முந்திய வாரம், நானும் தோழி ஒருத்தியும் அவளுடைய தம்பியுமாக ஒரு கெம்பர் வானில் இந்த வழியால் போய் வந்தோம். அதற்குப் பிறகு பலர் என்னிடம் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்டார்கள். வானிலேயே படுக்கலாமா? பொலிஸ் விடுமா? பெண்கள் கழிப்பறைக்கு என்ன செய்வது? எந்த மாதம் நல்லது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளுக்கான பதில்தான். ஆனால் நாங்கள் திரும்பி ஆறு வாரத்துக்குள் டித்வா புயல் வந்தது. அதன் பிறகு இந்த வழியைப் பற்றி வெறும் சுற்றுலாக் குறிப்பாக எழுத முடியவில்லை.

இலையுதிர் காலம் இல்லாத நாட்டில் ஒக்டோபர்

வெளிநாட்டு யூடியூப் காணொளிகளில் கெம்பர் வான் பயணம் என்றால் பெரும்பாலும் இலையுதிர் காலம்தான். மரங்கள் சிவந்திருக்கும், கூட்டம் குறைந்திருக்கும், கரையோரச் சிறுநகரங்கள் ஓய்ந்திருக்கும். எங்கள் நாட்டில் அப்படியொரு பருவம் இல்லை. எங்கள் ஆண்டைப் பிரிப்பது மழை. வளிமண்டலவியல் திணைக்களத்தின் கணக்கில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவமழை. இவற்றுக்கு நடுவே மார்ச், ஏப்ரலில் ஒன்றும் ஒக்டோபர், நவம்பரில் ஒன்றுமாக இரண்டு இடைப் பருவங்கள்.

கிழக்குக் கரையின் சுற்றுலாக் காலம் ஏறக்குறைய ஏப்ரலில் தொடங்கி செப்டெம்பரில் முடிகிறது. ஒக்டோபரில் பாசிக்குடாவின் விடுதிகளில் ஆள் குறைவு. வானம் காலையில் தெளிவாக இருக்கும். பிற்பகலில் கறுத்து, இடி மின்னலோடு ஒரு மழை பெய்து, இரவில் அடங்கிவிடும். இடைப் பருவத்தின் வழக்கம் இது. எனவே காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, பகல் ஒரு மணிக்குள் அன்றைய ஓட்டத்தை முடித்துக்கொள்வதே சரியான திட்டம். பிற்பகல் மழையில் மலை வீதியில் வானை ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும்.

நவம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு கணக்கு மாறுகிறது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகிப் புயலாகும் காலம் அது. 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை அந்த மாவட்டத்தின் மூத்தவர்கள் இன்றும் ஆண்டுக் கணக்குக்குப் பயன்படுத்துகிறார்கள். “சூறாவளிக்கு முந்தின வருசம்” என்று பேசுவார்கள். சுருக்கமாகச் சொன்னால், இந்த வழிக்கு ஒக்டோபரின் முதல் மூன்று வாரங்கள் பரவாயில்லை. நவம்பர் கடைசி ஆகாது.

கெம்பர் புதிது, வான் பழையது

ஜெர்மனியின் வொக்ஸ்வாகன் நிறுவனம் 1950 இல் தயாரிக்கத் தொடங்கிய சிறிய வான்தான் உலகம் முழுவதும் கெம்பர் கலாசாரத்தைப் பரப்பியது. இங்கே அந்த வேலையைச் செய்வது பழைய டொயோட்டா ஹையேஸ். டொல்பின் வான் என்று நாம் சொல்கிறோமே, அதுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வான்களுக்கு விலை ஏறியது. ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் அவற்றைத் திருத்தி வேறு வேலைக்குப் பயன்படுத்தப் பார்த்தார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் கெம்பர் அதில் ஒன்று.

உள்ளே பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. பின் சீட்டுகளைக் கழற்றிப் பலகைக் கட்டில், அதற்கு அடியில் சாமான் பெட்டி, கதவோரம் ஒரு காஸ் அடுப்பு, 40 லீற்றர் தண்ணீர்த் தாங்கி. கூரையில் சூரியத்தகடு, அதோடு இரண்டாவது பற்றரி. மின்விசிறியும் விளக்கும் இந்த இரண்டாவது பற்றரியில் ஓடுவதால், காலையில் இஞ்சினை இயக்கும் பற்றரி இறங்கிப் போகாது. வாடகைக்கு எடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டும் தனித்தனியாக இருக்கின்றனவா என்பதை. அடுத்தது, வாகனத்தை இப்படி மாற்றியதற்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி இருக்கிறதா, காப்புறுதி அதற்கும் செல்லுமா என்பது. மூன்றாவது உயிர் சம்பந்தப்பட்டது. கண்ணாடிகளை மூடிக்கொண்டு ஏசிக்காக இஞ்சினை ஓடவிட்டுத் தூங்கக் கூடாது. வானுக்குள் காஸ் அடுப்பைக் குளிர் காய எரிக்கவும் கூடாது. காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவருக்கு அது தெரியவே தெரியாது.

ஆனால் வானில் குடும்பமாகப் போவது, வழியில் சமைப்பது, கிடைத்த இடத்தில் படுப்பது எதுவும் எங்களுக்குப் புதிதல்ல. கதிர்காமத்துக்கு வான் பிடித்துப் போகாத மலையகக் குடும்பம் குறைவு. சீட்டுக்கு அடியில் அரிசி, பருப்பு, சட்டி, அடுப்பு. ஆற்றங்கரையில் சமையல். இரவுக்குக் கோயில் மடம். வான் இல்லாத காலத்திலும் வடக்கிலிருந்து கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமத்துக்கு நடந்த பாத யாத்திரீகர்கள் இதே வாகரை, வெருகல் வழியில்தான் நடந்தார்கள். இன்றும் நடக்கிறார்கள். கெம்பர் அதில் சேர்த்திருப்பது ஒரு மெத்தையும் ஒரு விலையும்.

அந்த விலையைச் சொல்லிவிட வேண்டும். எங்களிடம் கேட்கப்பட்ட நாள் வாடகை 20,000 ரூபாவுக்கு மேல். நாங்கள் போன நேரத்தில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபா. அதாவது வானின் ஒரு நாள், கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் பதினைந்து நாள். மூன்று பேர் பங்கிட்டதால்தான் எங்களுக்கே அது கட்டுப்படியானது.

மலை இறங்கும் வீதி

கண்டியை விட்டதும் வருவது திகன. 2018 மார்ச்சில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டு, நாடு முழுவதும் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டதற்குக் காரணமான வன்முறை வெடித்தது இந்தப் பகுதியில்தான். இப்போது கடைகள் திறந்திருக்கின்றன. பாணும் பருப்பும் சாப்பிட்டுக் கொண்டு அந்த வீதியைப் பார்க்கும்போது, சுற்றுலா வரைபடங்கள் எவ்வளவு விடயங்களை விட்டுவிடுகின்றன என்று தோன்றுகிறது.

அடுத்தது தெல்தெனிய. இன்றைய நகரம் மேட்டில் புதிதாகக் கட்டப்பட்டது. பழைய தெல்தெனிய விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. 122 மீற்றர் உயரமான அந்த அணை 1985 இல் திறக்கப்பட்டது. கடும் வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய ஊரின் கட்டடங்கள் தலைகாட்டும்.

ஹுன்னஸ்கிரிய, உடுதும்பர தாண்டியதும் வீதி மலையை விட்டு விழுகிறது. ‘பதினெட்டு வளைவு’ என்று சொல்லப்படும் இடம் இது. ஒவ்வொரு வளைவிலும் கீழே மஹியங்கனைச் சமவெளி சற்றுப் பெரிதாகத் தெரியும். மூன்று பேரும் சாமானும் தண்ணீரும் ஏற்றிய வானை இதில் பிரேக்கை மட்டும் நம்பி இறக்கக் கூடாது. தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடாகிப் பிடிப்பை இழக்கும். மேலே ஏற எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்குவது என்பது பழைய சாரதிகளின் கணக்கு. மேலே குளிருக்குச் சால்வை போட்டிருந்தோம். ஹசலக்கவில் இறங்கியதும் வியர்த்தது.

மஹியங்கனையில் மீண்டும் மகாவலி. பக்கத்தில் தம்பானை, வேடர் சமூகத்தின் அறியப்பட்ட கிராமம். 1983 இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது அவர்களுடைய வேட்டைக் காடுகள் பூங்காவுக்குள் போயின. இதே சமூகத்தின் இன்னொரு கிளையை இரண்டு நாள் கழித்துக் கடலோரத்தில் சந்தித்தோம். வாகரை, பனிச்சங்கேணி, கதிரவெளிப் பக்கத்தில் வாழும் கரையோர வேடர்கள் தமிழ் பேசுகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள்.

கண்டிக்குக் கடல் இருந்த காலம்

மஹியங்கனையிலிருந்து கிழக்கே போகும்போது, இது புதுவழி இல்லை என்பதை நினைத்துக்கொண்டேன். 1602 இல் ஒல்லாந்துக் கடற்படைத் தலைவர் ஜோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கி, கண்டிக்கு வந்து முதலாம் விமலதர்மசூரியனைச் சந்தித்தார். 1638 இல் இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தரோடு செய்த உடன்படிக்கையும் மட்டக்களப்பில்தான் கைச்சாத்தானது. மேற்குக் கரையைப் போர்த்துக்கேயர் பிடித்திருந்த காலத்தில், கண்டி இராச்சியத்தின் வெளியுலகக் கதவுகள் மட்டக்களப்பும் கொட்டியாரமும். 1660 இல் கொட்டியாரத்தில், அதாவது இன்றைய மூதூர்க் கரையில், பிடிக்கப்பட்ட ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ் கண்டி இராச்சியத்துக்குள் கொண்டுவரப்பட்டு, ஏறக்குறைய 20 ஆண்டுகள் கைதியாக இருந்தார்.

1766 இல் ஒல்லாந்தர் திணித்த உடன்படிக்கை தீவின் கரையோரம் முழுவதையும் கண்டியிடமிருந்து பறித்தது. அதன் பிறகு கண்டி கடலில்லா இராச்சியம். உப்புக்கும் கருவாட்டுக்கும் மற்றவரை எதிர்பார்க்க வேண்டிய நிலை. மலையும் கரையும் தனித்தனி உலகம் என்று இன்று நாம் நினைப்பது இயற்கையாக வந்ததல்ல.

யானை, வயல், பாலங்கள்

பதியத்தலாவையில் பதுளைப் பக்கமிருந்து வரும் ஏ5 வீதியைப் பிடிக்கிறோம். மஹஓயாவில் வெந்நீர் ஊற்றுகள். அதற்கு அப்பால் புல்லுமலை வரை காடும் பற்றையும். ஊற்றுக்கு அருகே கடை வைத்திருந்த சிங்கள மூதாட்டி நாங்கள் இரவுக்கு எங்கே நிற்கப் போகிறோம் என்று விசாரித்து, ஐந்து மணிக்குள் காட்டைத் தாண்டிவிடுங்கள் மகளே என்று இரண்டு தடவை சொன்னார். அதை அலட்சியப்படுத்த முடியாது. 2023 இல் மட்டும் இந்த நாட்டில் 470க்கும் மேற்பட்ட யானைகள் செத்தன, 150க்கும் மேற்பட்ட மனிதர்கள் யானையால் இறந்தார்கள். அரிசியும் பழமும் மணக்கும் ஒரு வானைக் காட்டோரம் நிறுத்தித் தூங்குவது யானையை அழைப்பதற்குச் சமம்.

கரடியனாறு தாண்டினால் வயல். ஒக்டோபர் என்றால் பெரும்போக விதைப்பு. உழவு இயந்திரம் போன தடத்தில் கொக்குகள். செங்கலடிக்கு முன் கறுத்தப்பாலம். போர்க்காலத்தில் இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் புலிகளின் பகுதிக்கும் எல்லையாக இருந்த இடம். வரிசையில் நின்று இறங்கி நடந்து சோதனைக்குப் போன இடத்தை நாங்கள் ஒரு நிமிடத்தில் கடந்தோம். 1977, 1983 வன்முறைகளில் துரத்தப்பட்ட மலையகக் குடும்பங்கள் பல வடக்குக்கும் கிழக்குக்கும் போய்க் குடியேறின. அவர்களுக்கு இந்த மலை இறக்கம் உல்லாசப் பயணமாக இருக்கவில்லை.

செங்கலடியிலிருந்து வடக்கே ஏ15. வாழைச்சேனை, ஓட்டமாவடி, பனிச்சங்கேணி, வாகரை, வெருகல். களப்பும் ஆறும் மாறி மாறி வீதியை வெட்டும். முன்பு ‘பாதை’ என்று சொல்லும் மிதவைப் படகில் வாகனத்தை ஏற்றிக் கடக்க வேண்டிய இடங்களில் போருக்குப் பிறகு பாலங்கள் வந்தன. மூதூருக்கும் திருகோணமலைக்கும் இடையிலான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. நீளம் 396 மீற்றர். லோஞ்சை நம்பியிருந்த மூதூர் மக்களுக்கு ஆஸ்பத்திரி அதனால் கிட்டவானது. நாங்கள் உல்லாசமாக ஓட்டிப் போகும் வீதி அங்குள்ளவர்களுக்கு இப்படிப்பட்ட விடயம்.

இரவு எங்கே?

எல்லோரும் கேட்ட கேள்விக்கு வருகிறேன். தேசியப் பூங்காக்களிலும் ஒதுக்கப்பட்ட காடுகளிலும் வனசீவராசிகள் திணைக்களமோ வனத் திணைக்களமோ குறித்துக் கொடுத்த இடத்தில், முன்பதிவோடு மட்டுமே முகாமிடலாம். கடற்கரையில் கண்ட இடத்தில் நிற்பது பாதுகாப்பும் இல்லை, மரியாதையும் இல்லை. கரைவலை இழுக்கும் வாடியின் முற்றம் ஒருவருடைய வேலைத்தளம். எங்களுக்குக் கைகொடுத்தவை மூன்று: சாப்பாட்டுக் கடையின் முற்றம், கோயில் வளவு, சிறிய விடுதியின் வாகனத் தரிப்பிடம். மூன்றிலும் முதலில் கேட்டோம், அங்கேயே சாப்பிட்டோம், காலையில் ஒரு தொகையைக் கொடுத்தோம். வானுக்குள்ளேயே எல்லாம் இருப்பதால் ஒரு ரூபாவும் செலவழிக்காமல் ஊரைக் கடந்து போவது கெம்பர்காரருக்குச் சுலபம். ஊருக்கு அதனால் மிஞ்சுவது குப்பை மட்டும்.

வாகரைப் பக்கத்தில் ஒரு கடை முற்றத்தில், கடைக்கார அம்மா வானுக்குள் எட்டிப் பார்த்து, “என்ன மகள், கட்டிலோட வந்திருக்கீங்க, ஊட்டுல இடமில்லயா?” என்று கேட்டுச் சிரித்தார். பிறகு தன் வீட்டுக் கிணற்றடியையும் கழிப்பறையையும் காட்டித் தந்தார். எருமைத் தயிர்ச் சட்டி ஒன்றுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

இன்னொரு இரவில், பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு சிறுநகரில், பத்து மணிக்கு ரோந்து வந்த பொலிஸார் கண்ணாடியில் தட்டினார்கள். அடையாள அட்டைகளை வாங்கி, கண்டி முகவரியையும் தமிழ்ப் பெயர்களையும் மாறி மாறிப் பார்த்து, முக்கால் மணி நேரம் விசாரித்தார்கள். கண்டியிலிருக்கும் தமிழருக்கு இங்கே என்ன வேலை என்பதே கேள்வி. அதே வளவில் நின்ற வெளிநாட்டு ஜோடியின் வானை அவர்கள் தட்டவில்லை. சட்டப்படி நாங்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. வளவுக்காரர் வந்து, “நான்தான் நிக்கச் சொன்ன” என்று சொன்ன பிறகே போனார்கள். எனவே என் ஆலோசனை இது. தங்கும் இடத்தின் உரிமையாளருடைய பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் வாங்கி வைத்திருங்கள். வான் வாடகை ஒப்பந்தம், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். அவசரத்துக்குப் பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990.

கழிப்பறை இந்த வழியின் மிகப் பெரிய குறை. பெற்றோல் செட், கோயில், பள்ளிவாசல், விகாரை, சாப்பாட்டுக் கடை ஆகியவற்றைத்தான் நம்ப வேண்டும். மஹஓயாவுக்கும் செங்கலடிக்கும் இடையில் பெண்கள் நம்பி இறங்கக்கூடிய பொது இடம் ஒன்றையும் நாங்கள் காணவில்லை. இது கெம்பர்காரரின் பிரச்சினை மட்டுமல்ல. அந்த வழியால் ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் போகும் பெண்களுடைய பிரச்சினை.

ஆறு வாரத்துக்குப் பிறகு

நாங்கள் மூதூரில் பார்த்த மகாவலி அமைதியானது. மலையகத்தில் தோன்றி, கண்டியைச் சுற்றி, 335 கிலோமீற்றர் ஓடி, கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. வெருகல் ஆறு அதன் கிளை. கண்டியில் பெய்யும் மழை இங்கே வந்து சேர்கிறது என்பதைப் புவியியல் பாடமாகப் படித்திருக்கிறோம்.

நவம்பர் கடைசியில் அதைச் செய்தியாகப் பார்த்தோம். டித்வா புயலின் மழையில் மலைகள் சரிந்தன. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று. மலையக வீதிகள் பல இடங்களில் துண்டிக்கப்பட்டன. அதே நீர் கீழே இறங்கி மகாவலிப் படுகையை மூடியது. மாவிலாற்று அணைக்கட்டு உடைப்பெடுத்து, மூதூர், சேருவில, வெருகல் பக்கத்து மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். 2006 இல் இதே மாவிலாற்றின் கதவுகளை மூடியதில்தான் கடைசிப் போர் தொடங்கியது. இந்தத் தடவை அங்கே நீர் அளவுக்கு மேல் வந்தது.

அந்த நாட்களில் எனக்கு முதலில் அழைப்பெடுத்தவர் வாகரைக் கடைக்கார அம்மா. “கண்டி சரிஞ்சிற்றாம் எண்டு சொல்றாங்க, நீங்க இரிக்கீங்களா மகள்?” என்று கேட்டார். அவருடைய முற்றத்திலும் அப்போது முழங்கால் அளவு தண்ணீர்.

இனிப் போகிறவர்களுக்கு

இந்த வழியில் போவதை நான் இன்றும் பரிந்துரைக்கிறேன். புறப்படுமுன் சில வேலைகள் உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள், சிவப்பு என்றால் வெளியேறுங்கள் என்று பொருள். மஞ்சள் இருக்கும்போதே பதினெட்டு வளைவுப் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். வீதி திறந்திருக்கிறதா என்று அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தில் விசாரிக்கலாம். மலையடிவாரத்தில் வெட்டிய மண்மேட்டுக்குக் கீழும், ஆற்று மணலிலும் இரவில் வானை நிறுத்தாதீர்கள். திரும்பும்போது மூதூரிலிருந்து கிண்ணியா, கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாக வந்தால் வட்டம் முழுமையாகும். நான்கு நாள் போதும், ஐந்து நாள் நல்லது.

பிரதேச சபைகளுக்கும் ஒரு கோரிக்கை. மஹியங்கனை, மஹஓயா, செங்கலடி, வாகரை, வெருகல், மூதூர் ஆகிய ஆறு இடங்களில் தண்ணீர்க் குழாய், பூட்டக்கூடிய கழிப்பறை, ஒரு விளக்கு, ஒரு காவலாளி கொண்ட தரிப்பிடம் இருந்தால் போதும். கெம்பர்காரரிடம் கட்டணம் வாங்குங்கள். பஸ் பயணிகளுக்கும் பாத யாத்திரீகர்களுக்கும் இலவசமாக விடுங்கள். வெள்ளம் வந்தால் அதே இடம் வாகனங்களும் மக்களும் ஒதுங்கும் இடமாகவும் பயன்படும். அதை மேட்டு நிலத்தில் கட்ட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.